காட்டுக்குப் போகும் கேமரா கழனிக்கும் வரட்டும்

இரவில் காட்டுக்குள் சென்று பூச்சிகளையும் காளான்களையும் படம் பிடிப்பவர்கள் நம் நாட்டில் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறார்கள். மரங்களுக்கு இடையே வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் முன் விளக்கை ஏற்றி வைத்து, வந்து அமரும் அந்துப்பூச்சிகளை விடிய விடியப் படமெடுக்கிறார்கள். ஜூலை மாதத்தின் கடைசி முழு வாரத்தை அந்துப்பூச்சி வாரமாகக் கொண்டாடும் பழக்கம் 2012-ல் அமெரிக்காவில் தோன்றி இங்கும் வந்து சேர்ந்துவிட்டது. வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று கிராமத்தில் சிலர் இதைக் கேலி செய்யக்கூடும். கேலி செய்ய இதில் ஒன்றுமில்லை. இவ்வளவு பொறுமையும் திறமையும் காட்டோடு நின்றுபோய், பூச்சியால் அன்றாடம் அவதிப்படும் வயலின் பக்கம் வராமலிருப்பதுதான் குறை. இரவில் எடுத்த படம் கையில் இருந்தால், தேவையில்லாத மருந்தடிப்பு சிலவற்றை விவசாயிகள் தவிர்க்க முடியும். அந்தப் படத்தை ஆதாரமாக ஏற்று ஆலோசனை சொல்ல வேளாண் துறையும் முன்வர வேண்டும்.

இரவுப் படம் எதையெல்லாம் காட்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் மின்மினிகள் ஒன்றுபோல் மின்னி, ஒன்றுபோல் அணைவதை 2022 ஏப்ரலில் வனத்துறையும் ஆய்வாளர்களும் பதிவு செய்தார்கள். அந்தக் காட்டின் மின்மினிகளை ஸ்ரீராம் முரளி என்பவர் எடுத்த படத்துக்கு 2023-ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் முதுகெலும்பில்லா உயிரினப் பிரிவின் பரிசு கிடைத்தது. 19 விநாடி வீதம் 50 முறை எடுத்த படங்களை ஒன்றாக இணைத்து, ஏறத்தாழ 16 நிமிட நேரத்து ஒளியை ஒரே படத்தில் அவர் காட்டியிருந்தார். பார்த்தவர்கள் அதன் அழகை வியந்தார்கள். விவசாயி அதில் பார்க்க வேண்டியது வேறொன்று. மின்மினியின் புழு, நத்தையையும் ஓடில்லா நத்தையையும் பிடித்துத் தின்னும். வாய்க்கால் ஓரத்திலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் மின்மினி பறந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். விளக்கு வெளிச்சமும் மருந்தும் கூடிய இடங்களில் இப்போது அதைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பூச்சியியல் என்னும் படிப்பே இரவு விளக்கின் அருகில் வளர்ந்ததுதான். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஜார்ஜ் ஹாம்சன் அங்கே அந்துப்பூச்சிகளைச் சேகரித்து, பின்னர் இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி 1892 முதல் 1896 வரை 4 தொகுதிகள் எழுதினார். பிளெட்சர் 1914-லும், டி.வி.ராமகிருஷ்ண ஐயர் 1940-லும் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி வெளியிட்ட நூல்களே நம் பயிர்ப் பாதுகாப்புக்கு அடித்தளம். அவர்கள் பூச்சியைக் கொன்று ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்தார்கள். இன்று ஒரு செல்போனில் அதை உயிரோடு, எந்த இலையில், எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தது என்பதோடு சேர்த்துப் பதிவு செய்ய முடிகிறது. கடைசியாகச் சொன்னதுதான் விவசாயத்துக்கு மிக முக்கியம்.

பகலில் தெரியாத எதிரி

தேவாரக் காலத்தில் வடுகூர் என்று வழங்கிய திருவாண்டார்கோயில் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். நெல், கரும்பு, மணிலா, சவுக்கு, காய்கறி என்று எல்லாமும் உண்டு. காடு என்று சொல்லத்தக்கது பக்கத்தில் இல்லை. இங்குள்ள விவசாயி காலையில் வயலுக்குப் போகிறார். இலை அரிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறார். ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் இலையைப் பார்த்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுக்கிறார். அன்று பகல் 11 மணிக்கு மருந்தடிக்கிறார்கள். தின்ற புழு அந்நேரத்தில் செடியில் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

மணிலாவில் புரோடீனியா என்று சொல்லப்படும் வெட்டுப்புழு இதற்குச் சரியான உதாரணம். வளர்ந்த புழு பகலில் மண் வெடிப்பிலும் சருகுக்கு அடியிலும் பதுங்கிவிடும். பொழுது சாய்ந்த பிறகே மேலேறித் தின்னும். உச்சிவெயிலில் அடிக்கும் மருந்து இலையில் விழுகிறது. புழு மண்ணுக்குள் கிடக்கிறது. இரவு 8 மணிக்கு டார்ச்சோடு போய் நாலு செடியைப் படம் எடுத்தால் தின்பது யார், எவ்வளவு பெரியது, எத்தனை என்பது மூன்றும் தெரிந்துவிடும். மானாவாரி மணிலாவுக்கு வரும் சிவப்புக் கம்பளிப்புழுவின் அந்து, நல்ல மழை பெய்தபின் மண்ணிலிருந்து வெளிப்பட்டு இரவில் விளக்கைத் தேடி வரும். வேர்ப்புழுவின் வண்டுகள் முதல் மழைக்குப் பிறகு அந்தி நேரத்தில் கிளம்பி வேப்பமரத்தில் கூடும். தென்னையில் காண்டாமிருக வண்டின் நடமாட்டமும் இரவில்தான். இவற்றையெல்லாம் பகலில் தேடுவது, திருடன் வந்துபோன வீட்டில் மறுநாள் காவல் நிற்பது போன்றது.

புதிதாக வரும் பூச்சிக்கும் இது பொருந்தும். அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2016-ல் ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்காவிலும் காணப்பட்டது. ஓராண்டுக்குள் நாட்டின் பெரும்பகுதி மக்காச்சோளத்துக்குப் பரவிவிட்டது. அதன் தலையில் தலைகீழான ‘ஒய்’ வடிவக் கோடும், உடலின் பின்பகுதியில் சதுரமாக 4 கரும்புள்ளிகளும் இருக்கும். தலையும் பின்பகுதியும் தெளிவாகத் தெரியும் ஒரு படம் இருந்தால், அடையாளம் சொல்ல நிபுணர் ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சிலந்தியை எண்ணாமல் புகையானை எண்ணாதீர்

நெல்லில்தான் இரவுப் படத்தின் பலன் முழுமையாகத் தெரியும். புகையானுக்கு மருந்தடிப்பது எப்போது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சிலந்தி இல்லாத வயலில் ஒரு தூருக்கு 1 புகையான் என்ற அளவைத் தொட்டால் மருந்து தேவை. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம். ஒரு குத்தில் 20 தூர். அதில் 30 புகையான் என்று வைத்துக்கொள்வோம். தூருக்கு ஒன்றரை. சிலந்தி இல்லையென்றால் அந்த வயலுக்கு மருந்தடிக்க வேண்டும். சிலந்தி இருந்தால் வேண்டியதில்லை. ஆகவே அந்தச் செலவைத் தீர்மானிப்பது சிலந்தியின் எண்ணிக்கையே. ஆனால் நம் விவசாயிகளில் எத்தனை பேர் சிலந்தியை எண்ணுகிறார்கள்? பூச்சியைக் காட்டிய அளவுக்கு, அதைத் தின்னும் உயிரைக் காட்டிக் கொடுக்க விரிவாக்கப் பணியாளர்களும் அக்கறை எடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பகலில் எண்ணினால் கணக்குக் குறையும். நீண்ட தாடையுள்ள வலைச்சிலந்தி பகலில் காலை நீட்டி இலையோடு இலையாக ஒட்டிக் கிடக்கும். இரவில்தான் வலை பின்னி வேட்டையாடும். ஓநாய்ச் சிலந்தி தூரின் அடியிலும் தண்ணீர் மேலும் ஓடித் திரிவது. டார்ச்சை நெற்றியருகே கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு வயலைப் பார்த்தால் அதன் கண்கள் பனித்துளி போல் பச்சையாக மின்னும். பனித்துளி நகராது, இது நகரும். குழந்தைகூட எண்ணிவிடலாம். நீண்ட கொம்புடைய ஒருவகைப் பச்சை வெட்டுக்கிளியும் உண்டு. பகலில் பார்ப்பவர் பயிரைத் தின்ன வந்ததென்று நினைப்பார். இலையைச் சிறிது கடிப்பதும் உண்மையே. ஆனால் இரவில் அது தண்டுதுளைப்பானின் முட்டைக் குவியலையும் தத்துப்பூச்சிக் குஞ்சுகளையும் தின்கிறது. தண்டுதுளைப்பான் அந்து முட்டையிடுவதும் இரவில்தான். இரண்டும் சந்திப்பதை ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொண்டவர் பிறகு அந்த வெட்டுக்கிளிக்கு மருந்தடிக்க மாட்டார்.

சில மருந்துகள், குறிப்பாகச் செயற்கைப் பைரித்ராய்டு வகை, இந்த நன்மை செய்யும் உயிர்களைக் கொன்று புகையானை முன்பைவிட அதிகமாக்கும் என்பது பல நாடுகளின் அனுபவம். இந்தோனேசியா இதே தொல்லையால் அவதிப்பட்டு, 1986-ல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாது என்று அதிபர் ஆணையின் மூலம் தடை செய்தது. 1989-ல் அங்கே தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகளில் விவசாயிகள் வாரந்தோறும் வயலில் இறங்கி, கண்ட பூச்சியையும் சிலந்தியையும் தாளில் வரைந்து, அதை வைத்து விவாதித்து முடிவெடுத்தார்கள். அவர்கள் கையால் வரைந்ததை நாம் செல்போனில் எடுக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பூசணம் எல்லாம் பகையன்று

பூச்சியையும் பூசணத்தையும் சேர்த்தே படமெடுக்க வேண்டும் என்பதற்கு வயலில் ஒரு காரணம் உண்டு. மழைக்காலத்தில் மணிலாச் செடியின் உச்சியில், குச்சிபோல் விறைத்துப் போன வெட்டுப்புழு ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே வெண்மையாகப் பஞ்சு படர்ந்திருக்கும்; சில நாளில் அது பச்சைத் தூளாக மாறும். நொமூரியா என்று நெடுநாள் அழைக்கப்பட்ட பூசணத்தின் வேலை இது. இப்போது மெட்டாரைசியம் குடும்பத்தில் சேர்த்துச் சொல்கிறார்கள். ஈரக்காற்றும் மேகமூட்டமும் நீடித்தால் இது புழுக்கூட்டத்தையே அழித்துவிடும். இரவில் தின்று திரியும் புழுக்களையும், விறைத்து ஒட்டிக் கிடக்கும் புழுக்களையும் ஒரே சுற்றில் படமெடுத்து எண்ணினால் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரியும். அதிகமாகப் பரவியிருந்தால் மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அதே சமயம் டிக்கா நோய்க்கென்று அடிக்கும் பூசணக்கொல்லி மருந்துகளில் சில இந்த நல்ல பூசணத்தையும் அடக்கிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். காட்டில் எறும்பின் தலையைப் பிளந்துகொண்டு காளான் முளைத்திருப்பதைப் படமெடுத்து வியக்கிறோம். அதன் உறவுக்காரப் பூசணம் நம் மணிலா வயலில் கூலியில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது!

பகையான பூசணமும் இரவில்தான் செயல்படுகிறது. நெல் குலைநோயின் வித்துகள் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் பறக்கின்றன. இலை மணிக்கணக்கில் நனைந்திருந்தால்தான் அவை முளைத்து உள்ளே நுழையும். மார்கழி, தை மாதப் பனிக்கு விவசாயிகள் அஞ்சுவது இதனால்தான். இதற்கு நள்ளிரவில் வயலுக்குப் போக வேண்டியதில்லை. இரவு 9 மணிக்கு ஒரு படம், காலை 8 மணிக்கு அதே குத்தில் ஒரு படம் எடுத்தால் போதும். இரண்டிலும் இலை நனைந்திருந்தால் 11 மணி நேரம் ஈரம் நின்றிருக்கிறது என்று கொள்ளலாம். இப்படி நாலைந்து நாள் தொடர்ந்தால், எளிதில் நோய் தாக்கும் ரகம் பயிரிட்டவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தழைச்சத்து மேலுரத்தையும் தள்ளிப்போடுவது நல்லது. வானிலைக் கருவி இல்லாத ஊரில் இதைவிட மலிவான கருவி கிடையாது.

தோப்பை இருட்டாக விடுங்கள்

இரவுப் படத்தில் ஆர்வம் வந்தவர்கள் காட்டைத் தேடி ஓடுவது இயல்பு. ஆனால் காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதியின்றி இரவில் நுழைவது குற்றம். 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரிக்கும் இது பொருந்தும். ஆனைமலை மின்மினிகளின் புகழ் பரவியபின் கூட்டம் கூட்டமாக டார்ச்சோடு காட்டுக்குள் போக ஆசைப்படுவதும் நல்லதல்ல. ஆணும் பெண்ணும் ஒளியைக் கொண்டே ஒன்றையொன்று தேடும் பூச்சிக்கு முன் நூறு டார்ச்சு அடித்தால் அது எப்படிக் கூடும்?

நம் வட்டாரத்தில் காட்டின் மிச்சமாக இருப்பவை கோயில் தோப்புகளே. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்திருக்கும் காடு, கடற்கரை ஓரத்து உலர் பசுமைமாறாக் காட்டுக்கு இன்றும் சாட்சியாக நிற்கிறது. அத்தனை பெரியதாக இல்லாவிட்டாலும் ஐயனார், மாரியம்மன் கோயில்களின் பின்னால் பத்து மரமும் ஒரு புற்றும் புதரும் உள்ள ஊர்கள் பல உண்டு. அறுவடை முடிந்து வயல் வெறுமையாகும்போது சிலந்தியும் குளவியும் தரைவண்டும் ஒதுங்குவது இப்படிப்பட்ட இடங்களில்தான்; அடுத்த பயிருக்கு அவை அங்கிருந்தே திரும்பி வருகின்றன. ஏரிக்கரையும் சங்கராபரணி ஆற்றோரமும் அத்தகையவையே. மழைக்குப் பின் இந்தத் தோப்புகளில் பட்டுப்போன கட்டையிலும் புற்றிலும் முளைக்கும் காளான்களை யாரும் பட்டியலிட்டு வைக்கவில்லையென்றால், அந்தப் பணியை ஊர் இளைஞர்களே செய்யலாம். விழுப்புரம் சாலையின் விளக்குகளும் தொழிற்சாலை விளக்குகளும் ஏற்கெனவே இரவை வெளுப்பாக்கிவிட்ட ஊரில், திருப்பணி என்ற பெயரில் தோப்புக்குள்ளும் போகஸ் லைட் போடுவதை ஊர்ப்பெரியவர்கள் சற்று யோசிக்க வேண்டும். சன்னதிக்கு விளக்கு வேண்டும். புதருக்கு எதற்கு?

எடுக்கும் முறை

விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. செல்போனில் மாட்டும் சிறிய லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. போனின் சொந்த விளக்கை நேராக அடித்தால் பூச்சியின் முதுகும் தண்ணீரும் பளபளத்து ஒன்றும் தெரியாது. ஒருவர் டார்ச்சின் முகத்தில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டிப் பக்கவாட்டிலிருந்து பிடிக்க, மற்றவர் படமெடுக்க வேண்டும். அளவு தெரிவதற்காக ஒரு நெல்மணியையாவது பக்கத்தில் வைக்க வேண்டும். அந்தாக இருந்தால் இறகு முழுவதும் மேலிருந்து தெரிய வேண்டும். புழுவானால் தலை. காளானானால் குடையின் மேல்புறம் மட்டும் போதாது. அடிப்புறத்து மடிப்பு, தண்டின் அடி, எந்த மரத்தில் அல்லது மண்ணில் முளைத்தது என்பதும் வேண்டும். படத்தைப் பார்த்து யாராவது உண்ணலாம் என்று சொன்னால் நம்பக்கூடாது. நச்சுக் காளானைப் படத்தில் பிரித்தறிவது நிபுணருக்கே கடினம்.

வயலின் குறுக்காக நடந்து 10 இடங்களில், இடத்துக்கு ஒரு குத்து வீதம் எடுப்பது முறை. பூச்சி அதிகமாகத் தெரியும் மூலையில் மட்டும் பத்துப் படம் எடுத்து அனுப்பினால் அது வயலின் கணக்காகாது. தேதி, நேரம், பயிரின் வயது, கடைசியாக மருந்தடித்த நாள் இவற்றையும் எழுதி அனுப்ப வேண்டும். வெள்ளைத் துணியும் விளக்கும் வைத்துப் பார்ப்பவர்கள் முன்னிரவிலேயே விளக்கை அணைத்துத் துணியை உதறிவிட வேண்டும். விடியும்வரை விட்டால் அதில் அமர்ந்த நல்ல பூச்சியும் சேர்ந்து காக்கைக்கும் கரிச்சானுக்கும் இரையாகும்.

படத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்பதும் சரியல்ல. ஒன்றுபோல் தோன்றும் அந்துகள் பல உண்டு. அவற்றை அறுத்துப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். பூசணத்தின் வித்தைக் காண நுண்ணோக்கி வேண்டும். செல்போன் செயலிகள் சொல்லும் பெயரும் சில நேரம் தவறிவிடும். மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசியப் பூச்சி கண்காணிப்புத் திட்டத்தில் விவசாயி படம் அனுப்பி ஆலோசனை பெற வழி செய்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் பூச்சியின் பெயரும் மருந்தின் பெயரும் கிடைத்தால் போதும் என்ற மனப்பான்மை அதனால் வளர்ந்துவிடக்கூடாது.

திருவாண்டார்கோயில் போன்ற ஊர்களின் உழவர் உதவியகங்களில், மருந்துப் பரிந்துரை எழுதும் முன் இரவுப் படம் இருக்கிறதா என்று கேட்கும் வழக்கம் வர வேண்டும். இல்லையென்றால் அவசரமில்லாத நிலையில் ஓர் இரவு பொறுத்து வரச் சொல்லலாம். குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையம் சம்பாப் பருவத்தில் நாலு கிராமங்களிலாவது மாலை 7 மணிக்கு மேல் வயலில் பயிற்சி நடத்திப் பார்க்கலாம். அலுவலக நேரம் முடிந்தபின் பூச்சி வேலைக்கு வருகிறது. பயிற்சியும் அந்த நேரத்துக்கு மாற வேண்டும். காட்டில் படமெடுத்துப் பழகிய இளைஞர்கள் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் இருக்கிறார்கள். அவர்களை அழைத்தால் வருவார்கள். பெயர் கண்டுபிடிக்கவும் உதவுவார்கள்.

பகலெல்லாம் உழைத்தவரை இரவிலும் வயலுக்குப் போகச் சொல்வது நியாயமா என்று கேட்கலாம். மோட்டார் போடவும் மடை மாற்றவும் இரவில் போகிறவர்கள்தான் நம் விவசாயிகள். அந்தப் பயணத்தில் வாரத்துக்கு ஒருநாள் அரைமணி நேரம் கூடுதலாகச் செலவிட்டால் போதும். தனியாகப் போகக்கூடாது. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. கடித்த இடம் வலிக்காமலே உயிர்போகும் ஆபத்து அதில் உண்டு. முழங்கால் வரை ரப்பர் பூட்சும், தரையைத் தட்டி நடக்கக் கழியும் அவசியம். கண் கேமராவில் இருக்கும்போது கால் போகும் இடத்தைக் கூட வருபவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வயலில் எலிக்கோ பன்றிக்கோ யாராவது திருட்டுத்தனமாக மின்கம்பி இழுத்திருக்கிறார்களா என்பதை வெளிச்சம் இருக்கும்போதே விசாரித்துக்கொள்வது நலம்.